கரும்பலகை மர்டோவும் வாளிப் பறவையும்

மர்டோ ட்வீடி பிறந்த காலத்தில் காரிக் ஃப்ளாட்டில் திராட்சைக் கொடி ஒன்றுகூடக் கிடையாது. முயல் இருந்தது, கல் இருந்தது, இரண்டுக்கும் நடுவே கொஞ்சம் தைம் என்ற வாசனைச் செடி இருந்தது. "முயல்கூட மத்தியானச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டுதான் இந்த மேட்டைத் தாண்டும்" என்பது அன்றைய நிலமதிப்பீடு. பிறகு யாரோ ஒரு புண்ணியவான் வந்து, வேறு எதற்கும் உதவாத நிலமே பினோ நுவார் என்ற ஒயின் திராட்சைக்கு உகந்த நிலம் என்று கண்டுபிடித்தான். கல்லை மண் என்று சொல்லி விற்ற ஊர்கள் உலகத்தில் உண்டு. கல்லைக் கல் என்றே சொல்லி விற்று, வாங்கியவனிடம் நன்றியும் பெற்ற ஊர் எங்களுடையது.

இந்தப் பெருமைக்கெல்லாம் ட்ராக்டர் ஓட்டியவர் மர்டோ. ஃபிலிப்பா ஸ்ட்ராங்கின் தோட்டத்தில் முதல் கொடி நட்ட நாளிலிருந்து வரிசைகளுக்கு நடுவே போவதும் வருவதுமாகவே ஒரு வாழ்நாளில் பெரும்பகுதியைக் கழித்தவர். ஐம்பத்தெட்டு வயது. திருமணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று ஊரில் பல ஆய்வுகள் நடந்திருக்கின்றன. இளவயதில் ஒரு பெண்ணை நடனத்துக்கு அழைத்துப்போய், இரண்டு மணி நேரம் அவளிடம் பேசாமலே ஆடினார் என்றும், வீட்டில் கொண்டு போய் விடும்போது "மழை வரும்போல இருக்கு" என்றார் என்றும், மழை வரவில்லை என்றும் வயதில் மூத்தவர்கள் சொல்கிறார்கள்.

உணவு விஷயத்தில் அவர் ஒரு துறவி. காலையில் ஓட்ஸ் கஞ்சி, மதியம் மாவுக்குள் பொதிந்து சுட்ட ஆட்டிறைச்சி பை, இரவில் ஆட்டு விலா. மூன்றுக்கும் டீ. உலகம் முழுக்கக் கப்பலேறிப் போகும் அந்தச் சிவப்பு ஒயினை அவர் வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் வாயில் வைத்திருந்தார். முதல் அறுவடையின் முதல் குப்பியைத் திறந்த வைபவத்தில், அமைச்சர் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு உறிஞ்சிக்கொண்டிருந்தபோது, "இதுல கொஞ்சம் சக்கரை போட்டா நல்லா இருக்குமே" என்று உரக்கச் சொன்னார். ஃபிலிப்பா அவரை அன்போடு ட்ராக்டருக்குத் திருப்பி அனுப்பினாள். அவரும் ஒயினை மன்னித்துவிட்டார்.

இப்படிப்பட்டவர் ஒயினுக்கு ஏற்ற உணவு எது என்று தீர்ப்பு வழங்கும் அறிஞரானது எப்படி?

ஃபிலிப்பாவின் ஒயின் ருசிக்கும் கூடத்துக்கு வெளியே ஒரு கரும்பலகை உண்டு. "இன்றைய பினோவுக்கு ஏற்ற உணவு" என்று தலைப்பிட்டு அதில் தினமும் எழுத வேண்டும். ஆக்லாந்திலிருந்து வந்த ஒரு பெண் எழுதிக்கொண்டிருந்தாள். "மழைக்குப் பிந்தைய காட்டுத்தரையின் நினைவும், கறுப்புச் செர்ரியின் தயக்கமும்" என்று ஆரம்பித்தால் பலகை நிறைந்துவிடும், உணவுக்கு இடமிருக்காது. ஓர் அறுவடைக் காலத்தில், ஊரே கையில் கத்தரியோடு ஓடிக்கொண்டிருந்தபோது, அவள் சகோதரியின் கல்யாணம் என்று விமானம் ஏறிப் போய்விட்டாள். ஃபிலிப்பா சாக்குக்கட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். எதிரே மர்டோ நின்றார்.

"மர்டோ, எதையாவது எழுதி வைங்களேன். சாப்பிடற பொருளா இருந்தாப் போதும்."

மர்டோ யோசித்து, பெரிய எழுத்தில் எழுதினார்: "முயல் பை. முயல் தானாகவே வரும்."

அன்றைக்கு வந்த ஒரு நகரத்துப் பத்திரிகைக்காரர் அதைப் படம் எடுத்துப் போட்டார். "தெற்கின் நேர்மை" என்று தலைப்பு. ஆக்லாந்துப் பெண் திரும்பி வரவில்லை. வந்திருந்தாலும் வேலை இருந்திருக்காது.

அறிஞரின் ஆய்வு முறை எளிமையானது. வேலை முடிந்து பெட்ரோல் நிலையத்துக்குப் போவார். அங்கே வருகிறவர்களிடம் "நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்பார். மறுநாள் அது பலகையில் ஏறும். எங்கள் ஊரின் முந்தின நாள் இரவுச் சாப்பாடு மறுநாள் காலையில் உலகத்தரமான உணவுக் கலையாக மாறிக்கொண்டிருந்தது. ஊர்த் தீயணைப்புப் படையின் தலைவர் பேசில் ஆர்க்கிஸ்டனுக்கு ஒரு வாரம் வயிறு சரியில்லை. வைத்தியர் சொன்னபடி அவர் வேகவைத்த உலர் பிளம் பழம்தான் தின்றார். "பினோவும் வெந்த உலர் பிளமும்" என்று பலகை அறிவித்தது. மெல்பர்னிலிருந்து வந்த தம்பதியர் அதைப் படித்துவிட்டு, "துணிச்சல்!" என்று தலையாட்டினார்கள்.

இந்தத் தொழிலின் பாதுகாப்பு என்னவென்றால், யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை. ஒயினை வீட்டுக்குக் கொண்டுபோய், சொன்ன உணவைச் சமைத்து, இரண்டையும் சேர்த்து உண்டு, திரும்பி வந்து "நீ சொன்னது பொய்" என்று சட்டையைப் பிடித்த மனிதன் உலகத்தில் எங்கும் இல்லை. எந்த ஒயின் நாட்டிலும் இந்தத் துறை இந்த ஒரு தூணின் மேல்தான் நிற்கிறது.

எங்கள் ஊரில் மட்டும் ஒருத்தி இருந்தாள்.

நைரி பர்விஸ் தபால் வேன் ஓட்டுபவள். தெற்குக் கோடியில் ப்ளஃப் ஊர்க்காரி, மவோரிப் பூர்வகுடிக் குடும்பம், இங்கே வாழ்க்கைப்பட்டு வந்து கணவனை இழந்தவள். தினமும் காலையில் வேனை ஸ்ட்ராங் தோட்டத்து வாசலில் நிறுத்துவாள், கடிதங்களை எறிவாள், பலகையைப் படிப்பாள். வாரம் ஒரு குப்பி வாங்குவாள். பலகை சொன்னதைச் சமைப்பாள். மறுநாள் கண்ணாடியை இறக்கித் தீர்ப்புச் சொல்வாள்.

"மர்டோ! அந்த மான் கறி சரி."

"ஆங்... நல்லது."

"செவ்வாய்க்கிழம எழுதின மீன் பொய். ஒயினு தகர டப்பா மாதிரி ஆயிடுச்சு. நீங்க தின்னு பாத்தீங்களா?"

"அது... மீனைப் பொறுத்தது."

"மீனைப் பொறுத்ததா, மீன் தின்ன ஆளப் பொறுத்ததா?" என்று சிரித்துக்கொண்டே வேனைக் கிளப்பிவிடுவாள்.

மர்டோவுக்கு முதலில் பயமாக இருந்தது. பிறகு பயம் இல்லாத நாளில் ஏதோ குறைந்தது போலிருந்தது. வேன் வரும் நேரத்துக்கு ட்ராக்டர் எப்படியோ வாசல் பக்கமாக வந்து பழுதாகும். சட்டைகளில் பொத்தான் முழுதாக இருப்பது எது என்று தேடிப் போடத் தொடங்கினார். ஃபிலிப்பா இதைக் கவனித்து, வாசலருகே ஒரு கொடி வரிசை அளவுக்கு மீறி உழப்பட்டிருப்பதையும் கவனித்து, ட்ராக்டரைப் பழுதுபார்க்க யாரையும் அனுப்பாமல் இருந்தாள்.

ஜூலை மாதம், எங்கள் பக்கத்தில் நடுக் குளிர்காலம். கொடிகளெல்லாம் மொட்டைக் குச்சிகளாக, ஒவ்வொரு குச்சியிலும் உறைபனி வெள்ளை மீசை வைத்திருந்தது. நைரி கண்ணாடியை இறக்கினாள்.

"மர்டோ, தீத்திக்கு இந்த ஒயின் ஒத்துவருமா?"

தீத்தி என்பது தெற்குத் தீவுகளில் பொந்துக்குள் வளரும் கடற்பறவைக் குஞ்சு. இலையுதிர்காலத்தில் நைரியின் சனங்கள் அங்கே போய்ப் பிடித்து, உப்பில் அடைத்து, வாளியில் கொண்டுவருவார்கள். அதைத் தின்றவர்கள் அதற்காக உயிரை விடுவார்கள். தின்னாதவர்கள், அதை வேகவைக்கும் வீட்டைவிட்டு உயிரைக் காப்பாற்றிக்கொண்டு ஓடுவார்கள்.

"ஒத்துவரும்," என்றார் மர்டோ.

"நிசமாவா? நீங்க தின்னிருக்கீங்களா?"

ஒரு பொய் சொல்ல மனிதனுக்கு எவ்வளவு நேரம் தேவையோ அதில் பாதிகூட அவர் எடுத்துக்கொள்ளவில்லை. "எத்தனையோ தடவை!"

நைரி கியரை விடுவித்தாள். பிறகு எஞ்சினை அணைத்தாள். தபால் வேனின் எஞ்சின் எங்கள் ஊரில் அணைந்ததாக அதற்கு முன் வரலாறு இல்லை.

"எங்க வீட்டுக்காரர் இருந்தாரே, ஆலன், நல்ல மனுசந்தான். ஆனா தீத்தின்னா வாசப்படிக்கு வெளியதான். கம்பளி வெட்டற ஷெட்டுக்குப் பின்னால ஒரு அடுப்பு வச்சுக் குடுத்தாரு. அங்கதான் கொதிக்க வைப்பேன், அங்கயே நின்னுக்கிட்டுத் தின்பேன். நான் சமைக்கிற அன்னிக்கெல்லாம் அவருக்கு எங்கயாவது அவசர வேலை வந்துடும். கல்யாணம் ஆனதுலேர்ந்து எங்க அம்மா வீட்டுச் சாப்பாட்ட நான் மேசைல உக்காந்து தின்னதில்ல." அவள் ஸ்டியரிங்கைத் தட்டினாள். "சனிக்கிழம மத்தியானம் உங்க வீட்டுக்கு வரேன். பறவையை வெள்ளிக்கிழமையே தந்துடறேன். நீங்களே வேகவைங்க. எத்தனையோ தடவை தின்னவரு, எப்படிச் செய்யணும்னு தெரியாமலா இருக்கும்?"

வெள்ளிக்கிழமை வாளி வந்தது. உள்ளே இரண்டு பறவை. மர்டோ மூடியை ஒரு விரல் அளவு திறந்தார், பிறகு அந்த விரலைத் துடைத்துக்கொண்டு பேசில் ஆர்க்கிஸ்டன் வீட்டுக்குப் போனார். ஊர் வழக்கப்படி, ஆபத்து என்றால் தீயணைப்புப் படைத்தலைவரைத்தான் கேட்க வேண்டும்.

"மூணு தண்ணி மாத்தணும்," என்றார் பேசில். "உப்பும் கொழுப்பும் இறங்கணும்ல."

"மூணு மாத்தினா வாடை போயிடுமா?"

"போகாது. அது போறதுக்கு இல்லடா, அதுதான் அந்தச் சாப்பாடு."

"நாலு மாத்தினா?"

பேசில் நண்பரை மேலும் கீழும் பார்த்தார். "நீ கல்யாணம் பண்ணப் போறியா, துணி தோய்க்கப் போறியா?"

மர்டோ ட்ராக்டர் ஷெட்டுக்குப் பின்னால் அடுப்பு மூட்டினார். நாலு தண்ணீர் மாற்றினார். முகர்ந்து பார்த்தார். ஐந்தாவது மாற்றினார். ஆறாவதில் மேட்டிலிருந்து தைம் பறித்து ஒரு கட்டுப் போட்டார். ஏழாவதில், அறிஞருக்கே உரிய உத்வேகத்தில், ஃபிலிப்பாவின் பினோவில் அரைக் குப்பியை ஊற்றினார். இப்படி ஒரு பறவைதான் வெந்தது. இரண்டாவதை எடுக்க வாளிக்குள் கை விட அவருக்குத் துணிவு வரவில்லை. மூடியை அழுத்தி மூடி, மேலே ஒரு செங்கல்லும் வைத்தார்.

சனிக்கிழமை மேசையில் வெள்ளைத் துணி விரித்தார். நைரி நல்ல கோட்டும் பச்சைக்கல் பதக்கமும் அணிந்து தபால் வேனிலேயே வந்தாள். அவர் பறவையைக் கொண்டுவந்து வைத்தபோது வீட்டில் தைம் மணந்தது, தரைக்குத் தேய்த்த மெழுகு மணந்தது. வேறு எதுவும் மணக்கவில்லை. நைரி ஒரு துண்டு வெட்டி வாயில் வைத்தாள். மென்றாள். மென்றுகொண்டே இருந்தாள். முள்கரண்டியைக் கீழே வைத்தாள்.

"என்ன செஞ்சீங்க இத?"

"நல்லா... கழுவினேன்."

"இதுல கடலே இல்லையே மர்டோ. அட்டைப் பெட்டியக் கொதிக்க வச்சமாதிரி இருக்கு. எங்க வேகவச்சீங்க?"

"ட்ராக்டர் ஷெட்டுக்குப் பின்னால."

நைரி தட்டைத் தள்ளி வைத்தாள். வாயைத் துடைத்துக்கொண்டாள். நாற்காலியில் கிடந்த கைப்பையை எடுத்து மடியில் வைத்தாள். அதைவிட உரக்க ஒரு பெண்ணால் பேச முடியாது.

"இன்னொரு ஷெட்டு," என்றாள் கடைசியில், மெதுவாக. "சரி. நான் கிளம்பறேன். தப்பா நினைக்காதீங்க."

வாழ்நாள் முழுக்க ஆட்டுக் கொட்டகைக் கதவையும் ட்ராக்டர் கதவையும் தவிர வேறு எதையும் அவசரமாகத் திறந்திராத மர்டோ அப்போது வாயைத் திறந்தார்.

"நான் தீத்தி தின்னதே இல்ல நைரி. ஒரு தடவகூட இல்ல. மான் தின்னதில்ல. அந்த மீனும் தின்னதில்ல. ஒயினே குடிக்கிறதில்ல. டீதான். பலகைல எழுதறதெல்லாம் பெட்ரோல் பங்க்குல கேட்டு எழுதறது."

"உலர் பிளம்?"

"அது பேசிலுக்கு வயித்துக் கோளாறு."

நைரியின் வாய் ஓரம் துடித்தது. ஆனால் கைப்பை மடியைவிட்டு இறங்கவில்லை.

"வாளில இன்னொன்னு இருக்கு," என்றார் மர்டோ. "எனக்குப் பயமா இருந்துச்சு, தொடல. நீங்க எப்படிச் செய்வீங்களோ அப்படிச் செய்யுங்க. இந்த அடுப்புல. இந்தச் சமையல்கட்டுல. நான் இங்கயே உக்காந்திருக்கேன்."

"மூணு தண்ணிதான்."

"மூணே மூணு தண்ணி."

"அப்புறம் கிரில்ல வச்சு மொறுமொறுன்னு ஆக்கணும். பொகை வரும்."

"வரட்டும்."

நைரி கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டினாள். செங்கல்லை எடுத்தாள்.

பிறகு நடந்ததை நடுநிலையோடு சொல்வது கடினம். சாளை மீனும் ஆட்டுக்கிடாவும் ஒரே விளக்கெண்ணெய்க் குடத்துக்குள் குடித்தனம் நடத்தினால் எப்படி இருக்குமோ, அதன் மாமனார் வீட்டு வாடை அது. மர்டோவின் வீட்டு ஜன்னல்கள் என்றோ பெயின்ட் அடித்தபோதே சட்டத்தோடு ஒட்டிப்போனவை. வாடை வெளியேற வழி தேடிச் சுற்றிச் சுற்றி வந்தது, திரைச்சீலையைப் பிடித்தது, மர்டோவைப் பிடித்தது. அவர் அசையவில்லை. முகம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடிகளின் மேல் இருந்த பனியின் நிறத்துக்கு வந்தது. மூன்றாவது தண்ணீரை வடித்துவிட்டு நைரி பறவையைக் கிரில்லுக்குள் வைத்தாள். கொழுப்பு சொட்டிற்று. சீறிற்று. புகைபோக்கியில் ஏறியது போக மிச்சப் புகை கூரைக்கடியில் மேகமாய் நின்றது.

நைரி அவர் தட்டில் ஒரு தொடை வைத்தாள். இரண்டு கோப்பையில் பினோ ஊற்றினாள். உட்கார்ந்தாள். தன் தட்டைத் தொடவில்லை. அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மர்டோ தொடையைக் கையில் எடுத்தார்.

அந்த நொடியில் அவர் இடுப்பில் இருந்த தீயணைப்புப் படைப் பேஜர் அலறியது. கூடவே ஊர்ச் சங்கும் ஊளையிட்டது.

எங்கள் ஊர்த் தீயணைப்புப் படையில் சம்பளக்காரர் யாரும் கிடையாது. சங்கு ஊதினால் பாதிச் சவரத்தோடு ஓடுவார்கள், பாதிப் பிரசங்கத்தில் எழுந்து ஓடுவார்கள். ஒரு மாப்பிள்ளை மோதிரத்தைப் பாதி விரல்வரை மாட்டிவிட்டு ஓடி, தீயை அணைத்துவிட்டு வந்து மிச்சத்தை மாட்டினான். சங்கு ஊதிய பிறகு உட்கார்ந்திருந்தவன் என்று ஒருவன் பெயர் எங்கள் ஊரில் இல்லை. தீயணைப்பு வண்டியை ஓட்டத் தகுதி பெற்றவர்கள் இரண்டு பேர். ஒருவர் நேஸ்பி ஊருக்குப் போயிருந்தார். குளம் கெட்டியாக உறைந்துவிட்டது, பனியில் கல் தள்ளும் பந்தயத்துக்கு வாருங்கள் என்று செய்தி வந்தால் எங்கள் தெற்குச் சீமையில் ஆண்களைக் கட்டி வைக்க முடியாது. மற்றொருவர் மர்டோ.

"போங்க," என்றாள் நைரி. குரலில் கோபம்கூட இல்லை. "ஆலனுக்கும் சரியா இந்த நேரத்துலதான் வேலை வரும்."

மர்டோ பேஜரைப் படித்தார். மறுபடி படித்தார். "வீடு ஒன்றிலிருந்து புகை. தைம் சந்து. ட்வீடி வீடு."

"நைரி, இது நம்ம வீடு."

எதிர்வீட்டு மெர்ல், புகைபோக்கியைப் பார்த்துத் தன் கடமையைச் செய்திருந்தாள். மர்டோ கட்டுப்பாட்டு அறைக்குத் தொலைபேசி போட்டார். எங்கோ தூரத்து நகரத்திலிருந்து ஒரு பெண் குரல் பேசியது.

"தீயில்லைங்க. பறவை வாட்டறோம்," என்றார் மர்டோ.

"நீங்க யார் சார்?"

"அந்த வீட்டுக்காரன்."

"அப்போ உடனே வெளிய வாங்க சார். குனிஞ்சு வாங்க. வண்டி வந்து நேர்ல பாக்காம நாங்க மூட முடியாது."

"வண்டி வராதுங்க."

"ஏன் சார்?"

"அத ஓட்டறவனும் நாந்தான்."

மறுமுனையில் விசைப்பலகை தட்டும் சத்தம். "அப்போ சீக்கிரமா போய் எடுத்துட்டு வாங்க சார். உங்க வீடு எரியுது."

விதி வெல்ல முடியாதது. மர்டோ எழுந்தார். "வந்துடறேன்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லிட்டுப் போவாங்க," என்றாள் நைரி, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு.

மர்டோ தயங்கினார். பிறகு, தட்டில் வைப்பதற்குப் பதிலாகத் தொடையைக் கையோடு எடுத்துக்கொண்டு ஓடினார்.

வண்டிக்கூடம் கூப்பிடு தூரம்தான். பேசிலும் இன்னும் இரண்டு பேரும் முழுச் சீருடையில், ஹெல்மெட்டோடு, ஓட்டுநர் இல்லாத வண்டியில் ஏறி உட்கார்ந்து காத்திருந்தார்கள். மர்டோ ஏறி, ஹெல்மெட்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்தார்.

"எங்கடா தீ?" என்றார் பேசில்.

"எங்க வீட்டுல. தீயில்ல."

"அது கைல என்ன?"

"மத்தியானச் சாப்பாடு."

வண்டிக் கதவு மூடியது. கண்ணாடிகள் ஏற்றியிருந்தன. சந்து முனை திரும்புவதற்குள் பின்னால் இருந்த இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். காற்றுச் சிலிண்டரைத் திறந்து முகமூடியை மாட்டிக்கொண்டார்கள். பேசில் கொஞ்ச நேரம் தலைவருக்குரிய கம்பீரத்தோடு மூச்சை அடக்கிப் பார்த்தார். தேவாலயம் வந்தபோது அவரும் மாட்டிக்கொண்டார். சிவப்பு விளக்கு சுழல, சங்கு ஊளையிட, மூன்று முகமூடிகளும் ஒரு தொடையும் தைம் சந்துக்குள் நுழைந்தன. மெர்ல் வேலியோரம் நின்று கைகாட்டினாள், வீடு எது என்று மர்டோவுக்குத் தெரியாதோ என்னவோ என்று.

புகை கதவிடுக்கில் கசிந்துகொண்டிருந்தது. மர்டோ இறங்கி நேரே வாசலுக்கு நடந்தார்.

"மாஸ்க்!" என்று முகமூடிக்குள்ளிருந்து கத்தினார் பேசில். "புகைக்குள்ள மாஸ்க் இல்லாமப் போகக்கூடாது! சட்டம்டா!"

"அது புகையில்ல பேசில். விருந்து," என்றார் மர்டோ. சொல்லிவிட்டு உள்ளே போனார், வெறும் மூக்கோடு.

நைரி எழுந்து நின்றிருந்தாள். கோட்டின் ஒரு கையை மாட்டியிருந்தாள், மற்றொன்று தொங்கிக்கொண்டிருந்தது. மர்டோ ஹெல்மெட்டைக் கழற்றித் தரையில் வைத்தார். தன் நாற்காலியில் உட்கார்ந்தார். தொடையைக் கடித்தார்.

உப்பு முதலில் வந்தது. பிறகு எண்ணெய், பிறகு புகை, பிறகு பெயரில்லாத ஏதோ ஒன்று, அலையடித்துக் காதுவரை ஏறியது. கண்ணில் நீர் வந்தது. அவர் விழுங்கினார். கை கோப்பையைத் தேடியது.

பேசில் வாசலில் வந்து நின்றார். நிலைமை அவருக்குச் சட்டென்று புரிந்தது. "டேய் மர்டோ! அதக் குடிக்காத! குடிச்சிட்டு வண்டிய ஓட்டக் கூடாது! வண்டிய யாருடா திருப்பி எடுத்துட்டுப் போறது?"

மர்டோ பேசிலைப் பார்த்தார். நைரியைப் பார்த்தார். கோட்டின் தொங்கிய கையைப் பார்த்தார். கோப்பையைத் தூக்கி, மடக் மடக்கென்று, டீ குடிப்பது போலவே, முழுவதையும் குடித்தார். பிறகு கோப்பையைக் கவிழ்த்துக் காட்டினார்.

"நான் எங்கயும் போகல," என்றார்.

முகமூடிகள் மட்டும் உஸ், உஸ் என்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தன.

"எப்படி இருக்கு?" என்றாள் நைரி. "பெட்ரோல் பங்க்க கேக்காம சொல்லுங்க."

மர்டோ நாக்கை மேலண்ணத்தில் தடவிப் பார்த்தார். வாழ்க்கையில் முதல்முறையாக அவர் தன் துறையைப் பயின்றுகொண்டிருந்தார். அந்தப் புளிப்புச் சிவப்பு கொழுப்புக்குள் கத்திபோல் நுழைந்து வாயைக் கழுவி விட்டிருந்தது. சர்க்கரை போடலாம் என்று தோன்றவில்லை.

"தனியாத் தின்னா, கடல்ல தள்ளிவிட்ட மாதிரி இருக்கு," என்றார். "இதக் குடிச்சா கரை ஏத்தி விட்டமாதிரி இருக்கு." கொஞ்சம் யோசித்தார். "ஏறினப்புறம், இன்னொரு தடவ விழலாம்போலயும் இருக்கு."

நைரி கோட்டின் கையை உருவினாள். கோட்டை நாற்காலியில் போடவில்லை. கூடத்துக்குப் போய், மர்டோவின் மழைக்கோட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஆணியில் மாட்டினாள். திரும்பி வந்து, தன் தட்டை இழுத்துக்கொண்டு, மேசையில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் பறவையைப் பிய்த்துத் தின்னத் தொடங்கினாள். அவள் தின்ற அழகை விவரிக்க எனக்குத் தகுதி போதாது. அடுப்பு மேல் சட்டி, தலைக்குமேல் புகை, வாசலில் மூன்று முகமூடி. எதையும் அவள் லட்சியம் செய்யவில்லை. பாதியில் நிமிர்ந்தாள்.

"பேசில், அங்கயே நின்னுக்கிட்டு என்ன பண்றீங்க? பூட்ஸத் தொடைங்க மொதல்ல, தரை மெழுகியிருக்கு. அப்புறம் அந்த மூஞ்சியக் கழட்டிட்டு உள்ள வாங்க. இந்தச் சமையல்கட்டுல முகமூடி போட்டுக்கிட்டு யாரும் உக்காரக்கூடாது."

பேசில் ஆர்க்கிஸ்டன் காட்டுத்தீயில் நின்றவர், வெள்ளத்தில் நின்றவர். அவர் மெல்லப் பட்டையை அவிழ்த்தார். ஒரு மூச்சு இழுத்தார். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"தீ இல்லன்னு நேர்ல பாத்துட்டேன்," என்றார் பலவீனமாக. "நாங்க நடந்தே போயிடறோம்."

தீயணைப்பு வண்டி, பனிக்கல் பந்தயக்காரர் ஞாயிற்றுக்கிழமை மதியம் திரும்பும்வரை மர்டோவின் வாசலிலேயே நின்றது. அதற்குப் பக்கத்தில் தபால் வேனும் நின்றது. நல்லவேளையாக ஊரில் வேறெங்கும் தீப்பிடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் தேவாலயத்துக்குப் போனவர்கள் அத்தனை பேரும் தைம் சந்து வழியாகவே போனார்கள், அது சுற்றுவழி என்றாலும். மெர்ல் வேலியோரம் நின்று, கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும், "நாந்தான் கூப்பிட்டேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.